நான்கு ரூபாயில் ஒரு குழந்தையின் மதிய உணவா?

ஏலப்பாறை லயங்களிலிருந்து காலையிலேயே கொழுந்து கிள்ளப் புறப்படும் தாய், மதியம் பள்ளியில் சோறு உண்டு என்ற நம்பிக்கையில்தான் பிள்ளையை விட்டுச் செல்கிறாள். 2000இல் பீர்மேடு டீ கம்பெனி தோட்டங்களைக் கைவிட்டு ஓடியபோது, கூலியின்றி வாடிய லயங்களின் பிள்ளைகளுக்கு நிச்சயமான ஒரு வேளை உணவு பள்ளிச் சோறுதான். அந்தச் சோறு இல்லாத நாளில் வகுப்பும் காலியாகும்.

அதற்கு ஒன்றிய பாஜக அரசு தருவது என்ன? 2025 மே முதல், தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்குப் பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிபொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 6 ரூபாய் 78 காசு. அதிலும் ஒன்றியத்தின் பங்கு 60 சதவீதம். அதாவது சுமார் 4 ரூபாய் 7 காசு. அரிசி தருகிறோமே என்பார்கள். 100 கிராம் அரிசி மட்டும் சத்துணவாகிவிடுமா? முட்டையும் பாலும் கேரள அரசின் செலவு. 2021 முதல் திட்டத்தின் பெயரில் மட்டும் பிரதமர் வீற்றிருக்கிறார்!

சமைக்கும் பெண்களுக்கோ 2009இல் நிர்ணயித்த அதே 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கே. அது ஊதியமல்ல, மதிப்பூதியமாம். அடுப்புப் புகையில் நிற்பவர் தொழிலாளி இல்லையென்றால் வேறு யார்?

2023இல் நிலுவைத் தொகை கேட்டு கேரளத் தலைமையாசிரியர்கள் உயர்நீதிமன்றம் சென்றனர். ஒன்றிய நிதி தாமதமானதே காரணம் என்றது மாநில அரசு. காரணம் எதுவாயினும், மளிகைக் கடன் ஆசிரியர் தலையில் விழுவதை இடதுசாரிகள் நியாயப்படுத்த முடியாது.

சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஒன்றியப் பங்கு கல்வியாண்டின் தொடக்கத்திலேயே முழுமையாக வர வேண்டும். சமையல் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் சட்டப்படி வழங்கப்பட வேண்டும்.