காவல் நாய்க்கு என்ன சமைப்பது?



மீந்த சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து கொல்லைப்புறத்துத் தட்டில் வைத்துவிட்டால் நாய்க்குச் சாப்பாடு ஆயிற்று என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். தோட்டத்து லயத்தில் அது ஒருவாறு நடந்தது. அவிழ்த்துவிட்ட நாய் பால்மரக் காட்டில் எலி பிடித்தது, அடுத்த வீட்டிலும் ஒரு வாய் தின்றது. இன்று கிள்ளான், காப்பார், பூச்சோங் பக்கத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வேலிக்குள் கட்டிக் கிடக்கும் நாய்க்கு நாம் போடுவதைத் தவிர வேறு கதி இல்லை. ஆகவே அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் அந்தக் குழம்பு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 50 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யலாம். அன்றே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் நிறம் மாறி, சோர்ந்து படுத்துவிடும். "எங்கள் நாய் பத்து வருடமாகக் குழம்புச் சோறுதான் தின்கிறது, டீச்சர்" என்பீர்கள். சாராயம் குடித்தும் எண்பது வயது வாழ்ந்த தாத்தா ஒருவர் எல்லாத் தோட்டத்திலும் இருப்பார்!

இதற்குத் தனிச் செலவு வேண்டாம். கோழிக்கறி சமைக்கும் நாளில், மசாலா போடுவதற்கு முன்பே நாயின் பங்கை எடுத்து வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். கெம்போங் மீனும் நல்லதுதான். வேகவைத்து முள்ளை எடுத்துவிட வேண்டும். 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கிராம் சோறு, 150 கிராம் வெந்த கறி, ஒரு கை பூசணி, ஒரு தேக்கரண்டி எண்ணெய். இதை இரு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கோழி ஈரல் வாரம் ஒருமுறை ஒரு துண்டு போதும். உடம்பு பெருத்தால் சோற்றைக் குறையுங்கள்.

இதிலும் ஒரு பெரிய குறை உண்டு. சோற்றிலும் கறியிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. உணவில் கிடைக்காவிட்டால் உடம்பு அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெறும் கறிச்சோற்றில் வளரும் குட்டிகளுக்குக் கால் வளைவதும், எலும்பு எளிதில் முறிவதும் இதனால்தான். முட்டை ஓட்டைக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து, காயவைத்து, மாவாக அரைத்து வையுங்கள். மேலே சொன்ன அளவுக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகக் கலந்தால் போதும். வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், அது வாயைப் புண்ணாக்கிவிடும்.

இவ்வளவு செய்தும் துத்தநாகம், வைட்டமின் டி, ஈ போன்றவை குறையலாம். 2013-இல் அமெரிக்காவில், டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் 190 குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது போதவில்லையாம். ஆகவே ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு, ஒரு வேளை கடையில் விற்கும் நாய் உணவு என்று கொடுப்பது பத்திரமானது. குட்டிகளுக்கும் சினை நாய்க்கும் நம் கணக்கு உதவாது. கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். செர்டாங்கில் புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

தீபாவளி வந்தால் இன்னொரு தொல்லை. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். சாக்லெட்டும், மைலோ போன்ற கொக்கோ பானமும் ஆகாது. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இலையில் மீந்ததை எடுத்துப்போய் ஆசையாக நாய்க்குப் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.