தெரிந்தவர் பெயரில் வரும் வைரஸ்

2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ், பலருக்குத் தெரிந்தவர் பெயரில்தான் வந்தது. மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. கணினியில் இருந்த படங்களையும் அழித்தது. அந்த இணைப்பின் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்தது. கடைசித் துண்டை விண்டோஸ் மறைத்ததால் அது வெறும் கடிதம் போலத் தெரிந்தது. கொடுமை என்னவென்றால், இன்றும் விண்டோஸ் கணினிகளில் நாமே மாற்றாதவரை கோப்புப் பெயரின் அந்தத் துண்டு மறைந்தேதான் இருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் அதைத் தெரியும்படி மாற்றுங்கள். 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று வந்தால் அது பில்லே அல்ல, உங்கள் கணினிக்குள் ஓடப்போகும் நிரல். ஆன்டிவைரஸ், அப்டேட் எல்லாம் அவசியம்தான். அவற்றோடு, குடும்பப் படங்களின் நகலைத் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கேபிளைக் கழற்றியும் வையுங்கள். எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறங்கள்.