கார்லேத் தூண்களும் கந்தரோடைத் தூபிகளும்

புத்த சின்னம் எங்கே தலைகாட்டினும் அது சிங்களவருக்கே உரியது என்று ஒரு சாரார் உரிமை கொண்டாடுகின்றனர். அதைக் கேட்ட மாத்திரத்தே, “நமக்கும் அதற்கும் தொடர்பில்லை” என்று நம்மவருட் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். முன்னையது பேராசை, பின்னையது பேதைமை. யாழ்ப்பாணத்துக் கந்தரோடை இவ்விரண்டுக்கும் இடையிலே கிடந்து தவிக்கின்றது.

இவ்வழக்கிலே நாம் அழைக்கும் சாட்சி தொலைவில் உள்ளது. மகாராட்டிர மாநிலத்திலே, லோனாவலாவுக்கு அண்மையில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் மலையைக் குடைந்து ஆக்கிய கார்லேச் சைத்தியம் இருக்கின்றது. அதனுள்ளே 37 தூண்கள். தூபியின் பின்னுள்ள 7 தூண்கள் வெறும் எண்பட்டைத் தூண்கள். இருமருங்கும் பதினைந்து பதினைந்தாக நிற்பவையோ கண்கொள்ளாக் காட்சி! குடம் போன்ற அடி, கவிழ்ந்த மணி போன்ற தலை, அதன்மேல் மண்டியிட்ட யானைகள், யானைகளின்மேல் ஆணும் பெண்ணுமாக அமர்ந்த உருவங்கள். மலையே கூரையாக இருக்க, தாங்குவதற்குத் தூண் எதற்கு? மரத்தாற் கட்டிய பழைய மண்டபங்களின் வடிவைக் கல்லிலே காண விரும்பினர் அச்சிற்பிகள்.

அத்தூண்கள் சிலவற்றிலே கொடையாளர் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்களுட் பலர் தேனுகாகடம் என்னும் ஊரைச் சேர்ந்த யவனர்! எழுத்துப் பிராமி, மொழி பிராகிருதம். இதனைக் காட்டிக் கார்லே கிரேக்கருக்கே சொந்தம் என்று எவரேனும் வழக்குரைத்ததுண்டா? யவனர் கொடுத்த தூண் என்று மராட்டியர்தாம் அதனை ஒதுக்கினரா?

சுண்ணக்கல் தரையாகிய நம் குடாநாட்டிலே குடைவதற்கு மலையேது? ஆகவே கந்தரோடையிலே கல்லை அடுக்கிச் சிறு சிறு தூபிகள் எழுப்பினர். 1917இல் போல் பீரிஸ் அங்கே ஆராய்ச்சி தொடங்கினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். தமிழகத்துப் பெருங்கற்காலக் களங்களிற் காணும் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் இங்கும் வெளிப்பட்டன. தூபிக்கு முன்பே ஊர் இருந்தது. ஊரிலே மக்கள் இருந்தனர்.

மணிமேகலையைத் தமிழ்க் காப்பியம் என்று மேடையில் முழங்குகிறோம். சைவராகிய இராசராச சோழர் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே அளித்ததை மட்டும் மறந்துவிடுகிறோம்! சிவநெறி நிற்போர் புத்தப் பள்ளியைத் தமதென்று சொன்னாற் திருநீறு அழிந்துவிடாது.

தொல்லியற் திணைக்களத்தார் கந்தரோடையில் நாட்டும் பலகை, கிடைத்த பொருள் அனைத்தையும் மும்மொழியிலும் ஒளிவுமறைவின்றிக் கூறட்டும். நம் பள்ளிகளோ, தமிழ்ப் பௌத்தத்தைப் பாடமாக்கி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணாக்கரை அத்தூபிகளின் முன் கொண்டுபோய் நிறுத்தட்டும்.