முகம் கழுவுவது நிறம் மாறுவதற்காக அல்ல

ஈப்போ தண்ணீருக்கு ஊரில் ஒரு பெருமை உண்டு. சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர் என்பதால்தான் இங்கே தவுகே என்கிற பயறுமுளை குண்டாக முளைக்கிறது, கொய்த்தியாவ் என்கிற அரிசி நூடுல்ஸ் வழுவழுப்பாக இருக்கிறது, பெண்களின் முகமும் பளபளப்பாக இருக்கிறது என்பார்கள். தவுகேயைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. முகத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்தால் வெள்ளையான ஒரு படிவு உண்டாகும். வாளியின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் படிவு முகத்திலும் ஒட்டும். முகத்தின் நலம் ஊர்த் தண்ணீரால் அமைவதைவிட, அந்தத் தண்ணீரோடு நாம் எதைச் சேர்த்துத் தேய்க்கிறோம் என்பதால்தான் அதிகம் அமைகிறது.

நான் ஈப்போவில் மருந்தாளராக வேலை செய்கிறேன். புந்தோங், சிலிபின், மெங்லெம்பு பக்கத்திலிருந்து வரும் நம் மக்கள்தான் என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். எஸ்பிஎம் தேர்வு எழுதி முடித்த பெண்பிள்ளை வருவாள், கல்யாணம் நிச்சயமான பையன் வருவான், பேத்திக்காகப் பாட்டி வருவார். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, வெள்ளையாக்குற ஃபேஸ் வாஷ் எது நல்லா இருக்கும்?" என் தோல் எண்ணெய்ப் பசையா, வறட்சியா, எதைத் தாங்கும் என்று கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நான் நம்புகிறேன். முகம் கழுவுவது அழுக்கையும் வியர்வையையும் மிஞ்சிய எண்ணெயையும் எடுப்பதற்கு. அதற்கு மேல் தோலிடமிருந்து எதையும் பிடுங்காத பொருளே நல்ல ஃபேஸ் வாஷ்.

ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எளிது. மரத்துப்பால் கெட்டியாகாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள். உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். ஒன்று காரம், மற்றது அமிலம். அளவு மாறினால் பாலின் குணமே மாறிவிடும். நம் தோலுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவில் ஏறக்குறைய 5. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சும் வழக்கமான சவர்க்காரத்தின் அளவு 9 அல்லது 10. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், 5-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு. அந்தக் காரம் பட்டதும் தோலின் மேலடுக்கு உப்புகிறது. செல்களுக்கு நடுவே பூச்சாக இருக்கும் கொழுப்பு கரைந்து போகிறது. தோல் தன் பழைய நிலைக்குத் திரும்ப மணிக்கணக்காகிறது. அதற்குள் நாம் மறுபடியும் கழுவிவிடுகிறோம்.

கழுவி முடித்ததும் முகம் இறுகிப் பிடிப்பதை நம்மில் பலர் சுத்தத்தின் அடையாளமாக நினைக்கிறோம். அந்த இறுக்கம் தோல் வறண்டுவிட்டது என்பதற்கான அறிகுறி.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், வெயில் ஏறியபின் லயத்துக்குத் திரும்பி, துணி துவைக்கிற நீளக்கட்டிச் சவர்க்காரத்தில் வெட்டிய துண்டால்தான் முகமும் கழுவுவார். அன்றைக்கு வேறு வழியில்லை. "நாங்க அதுலதானே வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று அந்தத் தலைமுறை கேட்கிறது. இளம் வயதில் தோலில் ஊறும் எண்ணெய் அந்தச் சவர்க்காரத்தைத் தாங்கிக்கொண்டது. வயது ஏறும்போது, பெண்களுக்குக் குறிப்பாக மாதவிலக்கு நின்றபின், அந்த எண்ணெய் குறைகிறது. நீரிழிவு இருந்தால் வறட்சி இன்னும் கூடும். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த நம் அம்மாக்கள் அரிப்பு என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருவதும், கிருமி கொல்லும் சவர்க்காரம் கேட்பதும் நான் அடிக்கடி காண்பது. அரிப்பதெல்லாம் கிருமி அல்ல. 2016-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களை வீட்டு உபயோகச் சவர்க்காரங்களில் சேர்க்கக் கூடாது என்று விதித்தது. சாதாரணச் சவர்க்காரத்தையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. வறண்ட தோலுக்குக் கிருமிநாசினி மருந்தாகாது. இருக்கிற ஈரத்தையும் அது எடுத்துவிடும்.

மென்மை நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுத்தவர்களுக்கும் கட்டாயத் தேவை. நம் தோலில் எரிச்சலோ புண்ணோ வந்தால், அது ஆறும்போது நிறமி அதிகமாகச் சுரந்து அந்த இடம் கறுத்துவிடும். பரு போனாலும் கறை மாதக்கணக்கில் போகாது. இங்கேதான் பெரிய அநியாயம் நடக்கிறது. ஒரு பிள்ளை பரு வந்ததும் கரகரப்பான ஸ்கிரப் போட்டுத் தேய்க்கிறாள். தோல் எரிகிறது, பரு பெருகுகிறது, கறை படிகிறது. கறையைப் போக்க வெள்ளையாக்கும் ஃபேஸ் வாஷ் வாங்குகிறாள். அதிலும் எரிச்சல், மறுபடியும் கறை. கறுப்பு போக வேண்டும் என்று அவள் செலவழித்த பணமே அவள் முகத்தில் கறுப்பாகப் படிகிறது. கோளாறு அவள் நிறத்தில் இல்லை என்று யாராவது ஒருவர் சொன்னால், இந்தச் சுழல் அன்றோடு நின்றுவிடும்.

உங்கள் தோல் எந்த வகை என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். மென்மையான எதையாவது கொண்டு முகத்தைக் கழுவி, துடைத்து, ஒன்றும் பூசாமல் அரை மணி நேரம் விடுங்கள். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் மினுமினுத்தால் எண்ணெய்த் தோல். இறுகி, செதில் தெரிந்தால் வறண்ட தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கி, கன்னம் சும்மா இருந்தால் கலப்புத் தோல். எதைப் போட்டாலும் எரிந்தால், அரித்தால், சிவந்தால், அது சீக்கிரம் நொந்துபோகும் தோல்.

நம் ஊர் ஈரக்காற்றில் இளைஞர்களிடம் எண்ணெய்த் தோலும் கலப்புத் தோலும்தான் அதிகம் பார்க்கிறேன். ஹெல்மெட் போட்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற பையன்களுக்கு நெற்றியிலும் தாடையிலும் வியர்வை தேங்கிப் பரு வரும். இவர்களுக்கு ஜெல் போன்ற, லேசாக நுரைக்கிற கழுவி போதும். பரு இருந்தால் சாலிசிலிக் அமிலம் 2 விழுக்காட்டுக்கு மேல் போகாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். காலையும் இரவும் ஒரு முறை, நன்றாக வியர்த்தால் இன்னொரு முறை. எண்ணெய் வடிகிறதே என்று ஓயாமல் கழுவினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

கலப்புத் தோலுக்குத் தனியாக இரண்டு புட்டி வாங்க வேண்டியதில்லை. மென்மையான ஒன்றைக் கொண்டு நெற்றியையும் மூக்கையும் கொஞ்சம் கூடுதலாக, கன்னத்தைக் கொஞ்சம் குறைவாகக் கழுவினால் முடிந்தது.

நாள் முழுக்கக் குளிர்சாதன அறையில் இருக்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பாலைப் போன்ற, நுரைக்காத கழுவி நல்லது. கிளிசரினோ செராமைடோ சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. காலையில் வெறும் தண்ணீரே போதும். கழுவிய ஈரம் காயுமுன் ஈரப்பதக் கிரீம் பூச வேண்டும். சீக்கிரம் நொந்துபோகும் தோலுக்கு வாசனை சேர்க்காததை வாங்குங்கள். வாங்கியதை முதலில் முழங்கை மடிப்பில் சில நாள் தடவிப் பாருங்கள். அங்கே ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்துக்குக் கொண்டு போகலாம்.

புட்டியின் பின்பக்கம் பொருள்கள் அளவு கூடியதிலிருந்து குறைந்ததாக வரிசைப்பட்டிருக்கும். சோடியம் லாரில் சல்பேட் முதல் சில பெயர்களுக்குள் இருந்தால், வறண்ட தோலுக்கும் நொந்துபோகும் தோலுக்கும் அது வேண்டாம். சோடியம் கோகோயில் ஐசிதியோனேட், டெசில் குளுக்கோசைட், கோகமிடோபுரோப்பைல் பீட்டேன் போன்றவை பெரும்பாலோருக்கு மென்மையானவை. கட்டியாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. சவர்க்காரம் அல்லாத கழுவுகட்டியாக டவ் 1957-லேயே அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டது. மென்மையாகக் கழுவுவது பணக்காரர்களின் புது நாகரிகமும் அல்ல. 20, 30 ரிங்கிட்டுக்குள் நல்லவை கிடைக்கின்றன. நூறு ரிங்கிட் புட்டியும் முகத்தில் ஒரு நிமிடம் இருந்து தண்ணீரோடுதான் போகிறது.

"இயற்கையானது" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பேராக்கில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்கள் ஏராளம். அந்தச் செம்பனைக் கொட்டையின் எண்ணெயிலிருந்து உலகம் முழுவதற்கும் நுரைப் பொருள்கள் செய்கிறார்கள். கடுமையான லாரில் சல்பேட்டுக்கும் அதுவே மூலம். மென்மையான குளுக்கோசைட்டுக்கும் அதுவே மூலம். எதிலிருந்து வந்தது என்பதைவிட, எப்படிப் பக்குவப்பட்டு வந்தது என்பதைத்தான் தோல் உணர்கிறது. வீட்டு வைத்தியத்துக்கும் இதே நியாயம்தான். நைசாகச் சலித்த கடலைமாவையோ பயத்தமாவையோ எண்ணெய்த் தோலில் மெல்லத் தடவிக் கழுவுவதில் குறையொன்றும் இல்லை. பழுத்த பருவின் மேல் வைத்து அரக்கித் தேய்ப்பதுதான் தப்பு. எலுமிச்சைச் சாற்றை மட்டும் முகத்துக்குக் கொண்டு போகவே வேண்டாம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால், சாற்றில் உள்ள பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைப் பொசுக்கி, கறுத்த தழும்பை விட்டுவிடும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது, ஃபேஸ் வாஷும் கிரீமும் சேர்ந்த வெள்ளையாக்கும் செட்டுகள். இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கிறார்கள். ஒரே வாரத்தில் நிறம் மாறும் என்கிறார்கள். அவ்வளவு வேகமாக மாறினால் உள்ளே பாதரசமோ, ஹைட்ரோகுவினோனோ, டிரெட்டினாயினோ, ஸ்டீராய்டோ இருக்கக்கூடும். நம் நாட்டில் அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்க்கத் தடை இருக்கிறது. அப்படியும் கலப்படப் பொருள்கள் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகத்துக்குப் போகும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள். சிறுநீரகத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் நிறம் யாருக்கு வேண்டும்?

மலேசியாவில் விற்கும் எந்த அழகுப் பொருளும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையான என்பிஆர்ஏ-யிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். 'என்ஓடி' எழுத்துகளில் தொடங்கி, நடுவே எண்கள் வந்து, 'கே' எழுத்தில் முடியும் எண் அதற்கு அடையாளம். முகமையின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டித் தேடலாம். எண் இருப்பதாலேயே அரசாங்கம் சோதித்துப் பார்த்துவிட்டது என்று அர்த்தமில்லை. பொருளுக்கு நிறுவனம்தான் பொறுப்பு. ஆனால் எண்ணே இல்லாததை, அல்லது தேடினால் வேறு பெயர் காட்டுவதை, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, அந்தப் புட்டியோடு கிளினிக்குக்குப் போங்கள். முகம் எரிந்து உரிந்துகொண்டிருந்தாலோ பரு ஆறாமல் இருந்தாலோ, அது ஃபேஸ் வாஷை மாற்றித் தீர்க்கும் விஷயம் அல்ல. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டினால், தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள்.

1975-ல் இந்தியாவில் வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீம், 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. நம் வீடுகள் இன்னும் எடுக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால், கல்யாண வீட்டில், "கொஞ்சம் கறுப்பு, ஆனா லட்சணம்" என்று சொல்லும் அந்த 'ஆனா'தான் பிள்ளைகளை என் கவுண்ட்டருக்கு அனுப்புகிறது. பெற்றோரிடம் நான் கேட்பது, பிள்ளையின் நிறத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள் என்பதே. கடைக்காரர்களிடம் கேட்பது, ஃபேஸ் வாஷ் அலமாரியைத் தோல் வகைப்படி அடுக்குங்கள். விலை குறைந்த மென்மையானதைக் கண்ணுக்கு நேரே வையுங்கள். என் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்பது, வெள்ளையாக்குவது எது என்று கேட்டு வரும் பிள்ளைக்குப் பொருளை நீட்டுமுன் அவள் தோலைப் பற்றி விசாரியுங்கள். மருந்தாளரிடம் ஆலோசனை கேட்கக் கட்டணமில்லை. அடுத்த முறை வாங்க வரும்போது உங்கள் பழைய புட்டியையும் கொண்டு வாருங்கள். அதன் பின்பக்கத்தை இருவரும் சேர்ந்தே படிக்கலாம்.