செயலியில் பாதி வழியில் நின்றால் யார் உதவுவது?

தொட்டியம் வட்டாரத்தில் காவிரிக் கரையெங்கும் வாழைதான். விலை பார்க்க, மானியம் கேட்க, உர இருப்பு தெரிந்துகொள்ள என விவசாயி எதற்கும் இப்போது கைபேசியைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. தமிழக அரசின் ‘உழவன்’ செயலி 2018 ஏப்ரலில் வந்தது. பி.எம்.கிசானுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் தனித்தனிச் செயலிகள் உள்ளன. சரி, நடுவில் ஏதாவது புரியவில்லை என்றால்?

உதவி எங்கே இருக்க வேண்டும்?

பெரும்பாலான செயலிகளில் ‘உதவி’ என்பது மெனுவின் கடைசியில் இருக்கும் நீண்ட கேள்வி-பதில் பட்டியல். இல்லையென்றால், முதல் தடவை திறந்ததும் வரிசையாக வந்துபோகும் நாலைந்து விளக்கப் படங்கள். அதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஆள் எந்தக் கட்டத்தில் திணறுகிறாரோ, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே உதவி இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, படிவம் ‘புல எண்’ கேட்கிறது. ஊரில் அதை ‘சர்வே நம்பர்’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு பெயரையும் போட்டு, பட்டாவின் மாதிரிப் படத்தில் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினால் போதும். உட்பிரிவு எண்ணும் சேர்த்துப் போடணுமா என்ற சந்தேகமும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிழைச் செய்தியும் உதவிதான்

‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் வந்தால் யாருக்கும் பயனில்லை. பி.எம்.கிசான் இ-கே.ஒய்.சி.யில் ஓ.டி.பி. வரவில்லை என்றால், ஆதாரில் பழைய எண் இருக்கலாம் என்று செயலி சொல்ல வேண்டும். முகம் காட்டிச் சரிபார்க்கும் வசதி 2023 ஜூனில் வந்துவிட்டது; பொது சேவை மையத்தில் கைரேகையும் வைக்கலாம். இந்த இரண்டு வழிகளையும் அதே திரையில் காட்டுவது பெரிய வேலை இல்லை.

தாமதத்தின் விலை

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ப் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். படிவம் புரியாமல் ஒரு நாள் போனால், அவகாசத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வயலில் சிக்னல் இல்லாதபோதும் திறக்கும்படி உதவிக் குறிப்புகள் செயலிக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். படிக்கச் சிரமப்படுவோருக்குத் தமிழில் குரல் விளக்கம் வேண்டும்.

கடைசியில் ஒரு மனிதர்

எழுத்தாலும் குரலாலும் தீராத சிக்கலுக்கு ஆள்தான் வேண்டும். கிசான் அழைப்பு மையம் (1800-180-1551) 2004-லிருந்து இயங்குகிறது. காப்பீட்டுக்கு 14447 என்ற எண் இருக்கிறது. இவை ‘தொடர்புக்கு’ பக்கத்தில் ஒளிந்திருக்கக் கூடாது. படிவம் நின்றுபோகும் இடத்திலேயே அழைப்புப் பொத்தானாக இருக்க வேண்டும்.

செயலியை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்று மட்டும் துறைகள் கணக்குப் பார்த்தால் போதாது. எந்தத் திரையில் எத்தனை பேர் பாதியில் விட்டுப் போனார்கள் என்பதையும் எண்ண வேண்டும். புதிய வசதி எதையும் சேர்ப்பதற்கு முன், தொட்டியம் போன்ற ஊரில் பத்து விவசாயிகள் கையில் அதைக் கொடுத்து, எங்கே திணறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். உதவிக் குறிப்பை அதற்குப் பிறகு எழுதலாம்.