மரம் நட வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. வேன் நிறைய மரக்கன்று. எங்க கேரட் தோட்டத்துக்கு மேலே இருக்கிற புல்மேட்டைக் காட்டி, "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, மரம் வெச்சா பறவையெல்லாம் வருமே" என்றார் ஒருவர். நல்ல மனுஷர்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

சும்மா கிடக்கலை சார், அங்கே ஆள் குடியிருக்கு. நீலகிரி நெட்டைக்காலின்னு ஒரு சின்னக் குருவி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில், உயரமான புல்வெளிகளில்தான் அது வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கூடு கட்டுவதும் புல்லுக்குள், தரையிலேதான். அங்கே மரம் வைப்பது, வீட்டை இடிச்சுட்டு விருந்துக்குக் கூப்பிடற மாதிரி.

காட்டுப் பறவைக்கு இடம் வேண்டாமா என்பீர்கள். இருக்கிறது. மலை மடிப்புகளில் இருக்கும் சோலைக்காடு. அதன் அடி நிழலில் சோலைக்கிளி இருக்கும். பேர்தான் கிளி, நீலநிறச் சிறு குருவி அது. நீலகிரிச் சிரிப்பானின் சத்தமும் அந்தப் பக்கம்தான் கேட்கும். புல்லும் சோலையும் அடுத்தடுத்து இருந்தாலும், குடியிருப்பவர்கள் வேறு வேறு.

இன்னொன்றும் கேளுங்க. நம்ம மலைக்கும் தெற்கே ஆனைமலை, பழனி மலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய். குளிர்ந்த உச்சியில் மட்டுமே வாழும் குருவிக்கு அந்தச் சூடான தாழ்வு ஒரு கடல் மாதிரி. அதனால்தான் அந்தப் பக்கச் சோலைக்கிளியும் சிரிப்பானும் வேறு இனமாகவே பிரிந்துபோயின. இங்கே அழிஞ்சா, அங்கேயிருந்து பறந்து வந்து யாரும் நிரப்ப மாட்டாங்க.

வெள்ளைக்காரன் சீகையும் கற்பூர மரமும் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் நாமே ஏக்கர் ஏக்கராக நட்டோம். பழனி மலையில் மட்டும் 1973-க்கும் 2014-க்கும் நடுவில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. மரத்தோட்டமும் விவசாயமும்தான் காரணம். ஆமாம், விவசாயமும்தான். எங்க தாத்தா உருளைக்கிழங்கு போட்ட நிலமும் ஒரு காலத்தில் புல்தான். அந்தக் கணக்கில் என் பேரும் இருக்கு, அதை மறைக்கலை.

சீகைக் காட்டில் பறவையே இல்லையா? இருக்கு. சின்னான் இருக்கு. அது கீழே சமவெளியிலும் இருக்கு. எங்கேயும் பிழைக்கத் தெரிந்ததற்கு இடம் கொடுத்துட்டு, இங்கே மட்டும் பிழைக்கிறதைத் துரத்தினால், அதுக்குப் பேர் பசுமையா?

கன்றுகளைப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் இறக்கி வெச்சுட்டு, அடுத்த மாசம் வர்றோம்னு போயிருக்காங்க. வாங்க, டீ போட்டுத் தர்றேன். ஆனா கன்றுகளைத் திருப்பி ஏத்திட்டுப் போங்க. உங்க தெருவுக்கு வேம்பும் புங்கையும் பார்த்து நடுங்க, நிழல் வேணும்தானே. எங்க புல்லை மட்டும் புல்லாவே விட்டுடுங்க.