பீன்ஸ் போட்டா சில்லி இல்லையாம்... மாடு போட்டா கல்ச்சர் இல்லையாம்!

ரெண்டு வாரமா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கி வந்ததே ஒரு வயித்தெரிச்சலைக் கொட்டத்தான். (காரம் சாப்பிட்டதால வந்த வயித்தெரிச்சல் இல்லைங்க, இது வேற.)

போன மாசம் எங்க ஆபீஸ்ல சில்லி சமைக்கிற போட்டி. டெக்சஸ்ல குளிர் கொஞ்சம் எட்டிப் பாத்தா போதும், ஆளாளுக்கு ஒரு சட்டியைத் தூக்கிட்டு வந்துருவாங்க. நம்ம ஊர் தள்ளுவண்டி சிவப்பு சில்லி இல்ல மக்கா. இது மாட்டுக்கறி, வத்த மிளகாய், சீரகம் எல்லாம் போட்டுக் கொதிக்க வச்ச கெட்டிக் குழம்பு. நானும் ஒரு சட்டி வச்சேன். கொத்துக்கறி, ராஜ்மா, தக்காளி. நல்லாத்தான் வந்துச்சு. மூடியைத் திறந்ததும் பக்கத்து டீம் பெரியவர் ஒருத்தர் எட்டிப் பாத்துட்டுச் சிரிச்சாரு. "வாசனை பிரமாதம். ஆனா இது சில்லி இல்லையே, பீன்ஸ் கிடக்குதே"ன்னாரு. தமாஷ் பண்றார்னு நினைச்சேன். அஞ்சு நிமிசத்துல என் சட்டியைத் தூக்கிட்டுப் போய் சோள ரொட்டிக்குப் பக்கத்துல வச்சிட்டாங்க. போட்டியில சேர்த்தி இல்லையாம். முதல்ல காலியானது என் சட்டிதாங்கிறது வேற விசயம்.

சரி போகட்டும்னு விட்டிருப்பேன். அடுத்த சனிக்கிழமை நம்மாளுங்க கூடுற பாட்லக். குழுவுல "நான் சில்லி கொண்டாறேன், பீஃப்"னு ஒரு வரி போட்டேன். பத்தே நிமிசத்துல பதில்: "பாஸ், பீஃப் மட்டும் வேண்டாமே. நம்ம கல்ச்சருக்கு செட் ஆகாது. சிக்கன்ல பண்ணிடுங்களேன்." அதுக்குக் கீழ பதினோரு கட்டைவிரல்.

அந்தக் குழுவுல வாணியம்பாடிப் பக்கத்து நண்பர் ஒருத்தர் இருக்காரு. அவர் வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா மாட்டுக்கறிதான். அவங்க அம்மா பக்குவத்துல எனக்கு வறுவல் செஞ்சு போட்டிருக்காரு. அவர் அன்னிக்கி ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. "ஓகே, சிக்கன்"னு டைப் பண்ணிட்டேன். அந்த "ஓகே" உறுத்துதுங்க. அதான் இந்தப் பதிவு.

முதல்ல டெக்சஸ்காரங்க கணக்கைத் தீர்ப்போம்.

இவங்க வாதம் என்னன்னா, 'சில்லி கான் கார்னே'ன்னா ஸ்பானிஷ்ல "கறி போட்ட மிளகாய்"னு அர்த்தம், அதுல பீன்ஸ் எங்க வந்துச்சுன்னு. அட சாமிகளா, "கறி போட்ட"ன்னு தனியா சொல்ல வேண்டியிருக்குன்னாலே கறி போடாத மிளகாய்க் குழம்பும் இருந்திருக்கும்னுதானே அர்த்தம்? பேர்ல இருக்குறது மட்டும்தான் சட்டியில இருக்கணும்னா சீரகத்தையும் பூண்டையும் தூக்கி வெளிய போடுங்க பாப்போம்.

அடுத்தது பாரம்பரியம். மிளகாய், பீன்ஸ், தக்காளி மூணும் அமெரிக்கக் கண்டத்துல விளைஞ்ச சரக்கு. ஸ்பானியர் கப்பல் கண்ணுல படுறதுக்கு ஆயிரக்கணக்கான வருசம் முன்னாடியே மெக்சிகோவுல மிளகாயும் பீன்ஸும் பயிர் பண்ணிச் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. மாடு? அது 1493-ல் கொலம்பஸோட ரெண்டாவது பயணத்துல கப்பலேறி வந்தது. சீரகமும் கடல் கடந்து வந்ததுதான். ஆக, அந்தச் சட்டிக்குள்ள வந்தேறி யாருன்னு பாத்தா மாடுதான். மண்ணின் மைந்தனை வெளிய தள்ளிட்டு வந்தேறிக்கு மாலை போட்டு, அதுக்குப் பாரம்பரியம்னு பேரு!

இந்தக் குழம்பை உலகத்துக்குக் காட்டினது யாரு? சான் அன்டோனியோ ஊர்ச் சதுக்கங்கள்ல ராத்திரி விளக்கு வச்சு, மேசை போட்டு வித்த மெக்சிகப் பெண்கள். 'சில்லி குயீன்ஸ்'னு பேரு. பத்து சென்ட் கொடுத்தா ஒரு தட்டு சில்லி, கூடவே பீன்ஸ். ஆமாங்க, பீன்ஸ்! 19-ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்ச இந்தக் கடைங்களை ஒரு சதுக்கத்துலேர்ந்து இன்னொரு சதுக்கத்துக்கு விரட்டிக்கிட்டே இருந்தாங்க. 1930-களோட பின்பாதியில சுகாதாரம்னு காரணம் சொல்லி மூடினாங்க. 1939-ல் மேயரா வந்த மௌரி மேவரிக் திரும்ப அனுமதிச்சாரு. 1940-கள் தொடக்கத்துல ஒரேயடியா மூடியாச்சு. அப்புறம் 1977-ல் டெக்சஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவுன்னு அறிவிச்சது. சமைச்சவங்க அழுக்குன்னு விரட்டப்பட்டாங்க, அவங்க சமையல் மட்டும் ஊர் பெருமை ஆயிருச்சு. எங்கயோ கேட்ட கதை மாதிரி இல்ல?

போட்டிக்கு விதி வேணும், ஒத்துக்கறேன். டெர்லிங்குவாங்கிற பாலைவனத்து ஊர்ல 1967-லேர்ந்து சில்லிப் போட்டி நடக்குது. இப்ப அங்க நடத்துற சில்லி அப்ரிசியேஷன் சொசைட்டி பீன்ஸ், மக்ரோனி, சோறு எதுவும் கூடாதுன்னு விதி வச்சிருக்கு. எல்லா சட்டியையும் ஒரே அளவுகோல்ல பாக்கணும்ல, நியாயம்தான். ஆனா அந்த முதல் போட்டியிலேயே, 1967-ல், மூணாவது நடுவர் நாக்கே செத்துப் போச்சுன்னு சொல்லி, யாருக்கும் வெற்றி இல்லாமத்தான் முடிஞ்சது. இன்னொரு பெரிய சங்கமான இண்டர்நேஷனல் சில்லி சொசைட்டி 'ஹோம்ஸ்டைல்'னு தனிப் பிரிவே வச்சு பீன்ஸை உள்ள விடுது. ஆக, இது போட்டி விதி. அதை எடுத்துட்டு வந்து வீட்டுச் சட்டி மேல ஒட்டினா எப்படி? வீட்ல பீன்ஸ் விழுந்ததுக்குக் காரணம் எளிமையானது. அரைக் கிலோ கறியில ஆறு பேர் வயிறு நிறையணும். அவ்ளோதான். நம்ம ஊர் பாய் வீட்டுக் கல்யாணத்து தால்ச்சா மட்டும் என்னவாம்? எலும்புக் கறியும் பருப்பும் சேர்ந்ததுதானே? யாராவது பருப்பு போட்டதால இது தால்ச்சா இல்லைன்னு சொல்லியிருக்காங்களா?

இப்ப நம்மாளுங்க பக்கம் வர்றேன். கோவப்படாமப் படிங்க.

சிக்கன் ஓகே, மட்டன் ஓகே, இறால் ஓகே. பீஃப் மட்டும் கல்ச்சர். எந்தக் கல்ச்சர் சாமி? ஆம்பூர், வாணியம்பாடி தமிழ்நாட்டுல இல்லையா? உப்புக்கண்டம் போட்டுக் காய வச்ச வீடுங்க தமிழ் வீடுங்க இல்லையா? "நம்ம"ன்னு சொல்றப்ப யாரையெல்லாம் வெளிய நிறுத்திட்டு சொல்றோம்னு ஒரு நிமிசம் யோசிச்சோமா?

இதுல பெரிய கூத்து என்னன்னா, அந்தப் பதினோரு கட்டைவிரல்ல பாதிப் பேரு என்கூட பர்கர் கடைக்கு வர்றவங்க. என்னத்தைச் சாப்பிடுறாங்கன்னு நான் சொல்லணுமா? பன்னுக்கு நடுவுல வந்தா பீஃப், சட்டியில வெந்தா மாட்டுக்கறி. முன்னது நாகரிகம், பின்னது அசிங்கம். அப்ப பிரச்சினை மாட்டுல இல்லைங்க. அதை யாரு சமைக்கிறவங்கன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருக்கோமே, அதுல இருக்கு. அந்தக் கணக்குக்கு ஒரு பேரு உண்டு. சாதி.

ஊர்லயும் இதே கதைதான். 2022 மே மாசம் ஆம்பூர்ல மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவிச்சாங்க. ஆம்பூர்ல, பிரியாணித் திருவிழாவுல, மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்ல! எதிர்ப்பு கிளம்புச்சு. கடைசியில மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளி வச்சாங்க. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கலெக்டர்கிட்ட விளக்கம் கேட்டது. ஊர் பேரால வித்த பண்டத்தை வச்சு விழா எடுக்கணும், ஆனா அதைச் சாப்பிடுறவங்கள்ல ஒரு பகுதி மட்டும் கண்ணுல படக்கூடாது. சான் அன்டோனியோவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பாரம்பரியம் பேசுறவங்களுக்கு இன்னொண்ணு. மிளகாயே நமக்குப் போர்த்துகீசியர் மூலமா வந்ததுதான். ஐநூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி தமிழ்நாட்டுல மிளகாய் கிடையாது. மிளகு மாதிரி உறைக்கிற காய்ங்கிறதாலதான் மிளகாய்னு பேரே வச்சோம். திவசச் சமையல்ல இன்னிக்கும் மிளகாயைச் சேர்க்க மாட்டாங்க, மிளகுதான். அந்தக் கணக்குல பாத்தா நம்ம கார சாம்பாரே கல்ச்சருக்கு செட் ஆகாது. நிறுத்திடலாமா?

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். எனக்கு வேண்டாம்னு சொல்றது உங்க உரிமை. உங்க கரண்டி என் சட்டியில படக்கூடாதுன்னா தனிக் கரண்டி வைக்கலாம், மேசையோட அந்தக் கோடியில வைக்கலாம், பேர் எழுதி ஒட்டலாம். என் ரூம் மேட் சுத்த சைவம். ரெண்டு வருசமா ஒரே அடுப்புலதான் சமைக்கிறோம், தகராறு வந்ததில்ல. அவன் "நான் சாப்பிட மாட்டேன் மச்சி"ன்னுதான் சொல்றான். "நீ கொண்டு வராதே"ன்னு ஒருநாளும் சொன்னதில்ல. முன்னது விருப்பம், பின்னது அதிகாரம்.

இவ்ளோ பேசிட்டு செய்முறை சொல்லாமப் போனா பாவம். ரொம்ப எளிசுதான்.

1. ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) மாட்டுக் கொத்துக்கறி. கனமான சட்டியில நல்ல சூட்டுல போட்டு, தண்ணி வத்தி அடி பழுப்பாகுற வரைக்கும் வதக்குங்க. சாம்பல் நிறத்துல நிறுத்திட்டா ருசி வராது. எண்ணெய் அதிகமா நின்னா கொஞ்சம் வடிச்சிடுங்க.

2. ஒரு பெரிய வெங்காயம், அஞ்சாறு பல் பூண்டு நறுக்கிப் போட்டு வதக்குங்க.

3. அமெரிக்கக் கடை சில்லி பவுடர் 2 மேசைக்கரண்டி, சீரகத்தூள் 2 தேக்கரண்டி, ஆரிகனோ 1 தேக்கரண்டி. எச்சரிக்கை: இங்க சில்லி பவுடர்னா மிளகாய், சீரகம், பூண்டு, ஆரிகனோ எல்லாம் கலந்த மசாலா. நம்ம கடைத் தனி மிளகாய்த்தூளை அதே அளவு போட்டீங்கன்னா ஆம்புலன்ஸ்தான். முதல் தடவை நான் போட்டேன். தனி மிளகாய்த்தூள்னா ஒண்ணரை தேக்கரண்டி போதும். மசாலா எண்ணெயில ஒரு நிமிசம் வதங்கணும்.

4. ஒரு டின் தக்காளி, ஒரு டம்ளர் தண்ணி, உப்பு. மூடி, சின்னத் தீயில முக்கால் மணி நேரம்.

5. வெந்த ராஜ்மா ரெண்டு டின், கழுவிட்டுக் கடைசி இருபது நிமிசம் சேர்த்துக்கங்க. காஞ்ச ராஜ்மான்னா ராத்திரி ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில குக்கர்ல நல்லா வேக வச்சுட்டுத்தான் போடணும். பச்சை ராஜ்மாவுல இருக்குற லெக்டின் வயித்தைப் புரட்டி எடுத்துரும். ஸ்லோ குக்கர் சூடு அதுக்குப் பத்தாது. தக்காளியோட புளிப்புல போட்டா சீக்கிரம் வேகவும் வேகாது.

அன்னிக்கி விட மறுநாள் இன்னும் ருசி. சோத்துக்கும் நல்லாருக்கும், தோசைக்கும் நல்லாருக்கும். (டெக்சஸ்காரங்களுக்கு இது தெரிய வேணாம்.)

அடுத்த பாட்லக் வருது. இந்தத் தடவை குழுவுல போட்டாச்சு: "மாட்டுக்கறி பீன்ஸ் சில்லி கொண்டு வர்றேன். தனி மேசை, தனிக் கரண்டி, பேர் எழுதி ஒட்டியிருக்கும்." இதுவரைக்கும் கட்டைவிரல் ஒண்ணே ஒண்ணு. வாணியம்பாடிக்காரரோடது. கீழ ஒரு வரியும் போட்டிருக்காரு: "நான் வறுவல் கொண்டாறேன்."

டிஸ்கி: இதுல உள்குத்து எதுவும் இல்ல. குத்து எல்லாம் வெளிக்குத்துதான்.